புதுச்சேரியில் இருவருக்கான ஒரு மாலை: முதல்முறை போகிறவர்களுக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், நானும் என் கணவரும் வருஷத்துக்கு ஒரு முறை, கல்யாண நாளை ஒட்டி, அங்கே அறை எடுத்து ஒரு ராத்திரி தங்குகிறோம். நன்றாகச் சாப்பிட, கொஞ்சம் குடிக்க, கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் பேச. வீட்டில் இருந்தால் இந்த மூன்றும் ஒரே நாளில் நடப்பதில்லை.

நெய்வேலியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்புகிற தங்கைகளும் தோழிகளும் "அக்கா, எங்கே போகணும், என்ன சொல்லணும், நான் அங்கே உட்காரலாமா?" என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விதான் பலருக்கு உண்மையான கேள்வி. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து மாலை முழுவதையும் முடிக்காதீர்கள். நாலு இடம், நாலு சின்ன வேளை, நடுநடுவே நடை. வெள்ளை நகரம் என்று சொல்கிற பிரெஞ்சுப் பகுதி, கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே, குறுக்கும் நெடுக்கும் நேராகப் போட்ட தெருக்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். சாப்பாட்டுக்கும் கோப்பைக்கும் இடையில் நடக்க முடிகிற ஊர் நம் பக்கம் வேறு இல்லை.

நாளும் அறையும்

சனிக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் நல்ல மேஜை கிடைக்காது, பரிமாறுகிறவருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. செவ்வாய், புதன் அருமையான நாட்கள்.

நிலாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் நமக்குப் பின்னால், ஊருக்குள் மறையும். கடல்மேல் அஸ்தமனம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். அதைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். நிலா முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதமாக வருவதால், அதற்குள் வானம் நன்றாக இருட்டியிருக்கும். செம்பு நிறத்தில் தண்ணீரிலிருந்து கிளம்புவதைப் பார்க்கலாம். நாங்கள் கல்யாண நாளையே ஒரு வாரம் முன்பின்னாக மாற்றிக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

அக்டோபர் 2 போன்ற நாட்களில் மதுக்கடைகளும் பார்களும் மூடியிருக்கும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும், அன்றைக்கு வள்ளலார் நினைவாகக் கடைகளை மூடக்கூடும். அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மீன் உங்களுக்கு முக்கியம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும், பல இடங்களில் ஐஸ் மீன்தான்.

அறையை வெள்ளை நகரத்துக்குள்ளேயோ நடந்து போகிற தூரத்திலேயோ எடுங்கள். ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஊருக்கு வெளியே எடுத்தால் அந்த ஐநூறும் ஆட்டோவுக்குப் போகும், ராத்திரி அலைச்சலும் சேரும். ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் சுத்தமாக, அழகாக இருக்கும். ஆனால் அங்கே குடிக்கவோ புகைக்கவோ கூடாது, இரவில் வாசலைப் பூட்டும் நேரமும் உண்டு. அந்த ஒழுங்கை மதித்து, இந்த மாதிரி பயணத்துக்கு வேறு இடம் பாருங்கள். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஒருவருடையது மட்டும் போதாது.

வந்து இறங்கியதும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க ஆசை வரும். பகலில் ஆரோவில் போக எடுத்திருந்தாலும் மாலை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அதைவிடப் பெரிய காரணம், பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் துணை.

நாலு மணி

மதியம் சாப்பிடுங்கள், அரை வயிறு. நாங்கள் முதல் தடவை போனபோது, ராத்திரி விருந்துக்கு இடம் வேண்டும் என்று மதியத்தைத் தாண்டிவிட்டோம். ஐந்து மணி வெயிலில் அவர் ஒரு பெரிய ஸ்ட்ராங் பீரை முடித்தார். எட்டு மணிக்குத் தலைவலியோடு படுத்துவிட்டார். பதிவு செய்து வைத்திருந்த மேஜை வீணாகப் போனது. நான் அறை வராந்தாவில் தனியாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். அந்த ராத்திரிக்காக மூன்று மாதம் காத்திருந்தோம்.

வெறும் வயிற்றில் குடிப்பது சிறுகுடலுக்கு நேராகப் போய் வேகமாக ரத்தத்தில் ஏறும். வயிற்றில் சாப்பாடு இருந்தால், முக்கியமாகக் கொழுப்பும் புரதமும் இருந்தால், அது இரைப்பையில் தங்கி மெதுவாகவே இறங்கும். அதனால் நாலு, நாலரைக்கு ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். புஸ்ஸி வீதியில் இருக்கும் பேக்கர் ஸ்ட்ரீட் பேக்கரியில் முட்டையும் சீஸும் வைத்துச் சுட்ட கிஷ் ஒரு துண்டு வாங்கி இருவரும் பிரித்துக்கொள்ளலாம். அது வேண்டாம் என்றால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஆம்லெட்டும் காபியும். ஒன்று போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் எக்லேர் என்கிற, உள்ளே க்ரீம் வைத்த நீளமான பிரெஞ்சு இனிப்பு வரிசையாக இருப்பதைப் பார்த்து மனம் அலைபாயும். அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குப் போய்க் குளித்து, ஒரு மணி நேரம் படுங்கள். இரவு உணவுக்கு மேஜை பதிவு செய்யவில்லை என்றால் இப்போது போன் செய்யுங்கள்.

ஆறு மணி: கடற்கரைச் சாலை

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களின் சாலை. ஒன்றரை கிலோமீட்டர். தெற்கே பழைய பிரெஞ்சு கவர்னர் தூய்ப்ளேயின் சிலைப் பக்கம் தொடங்கி வடக்கே நடந்தால் கடற்காற்று கூடவே வரும். நடுவில் காந்தி சிலை. அதைச் சுற்றி நிற்கும் எட்டு கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். பக்கத்தில் 1836இல் முதன்முதலாக ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

சுண்டல், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், சுட்ட சோளம் எல்லாம் வரும். ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டு கருங்கல் பாறைகளுக்கு முன்னால் இருக்கும் சுவரில் உட்காருங்கள். பாறைகளில் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். இங்கே பாட்டிலைத் திறக்கவே கூடாது. புதுச்சேரி என்றால் எங்கேயும் குடிக்கலாம் என்று நினைத்து வருகிறவர்களைப் போலீசார் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் ஊர் மக்கள் காற்று வாங்க வரும் இடம் அது, அவர்கள் வீட்டு முற்றம் மாதிரி.

ஏழு மணி: முதல் கோப்பை

இப்போது தங்கைகள் கேட்கிற அந்தக் கேள்விக்கு வருகிறேன்: பெண்கள் உட்காரலாமா? உட்காரலாம், இடம் பார்த்து. ஒயின் ஷாப்போடு ஒட்டிய பார் வேறு, பார் உரிமம் உள்ள உணவகம் வேறு. முதலாவது பெரும்பாலும் ஆண்கள் அவசரமாக வந்து போகிற இடம், அங்கே ஜோடியாகப் போவதில் சந்தோஷம் இல்லை. இரண்டாவதில் குடும்பங்கள், வெளிநாட்டுக்காரர்கள், தனியாக வந்த பெண்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். பழைய பிரெஞ்சு, தமிழ் வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்கிய இடங்களின் முற்றங்களும் மொட்டைமாடிகளும் இதற்கு ஏற்றவை. சுய்ஃப்ரென் வீதியில் வில்லா சாந்தியின் முற்றம், புஸ்ஸி வீதியில் பலே து மஹேயின் மாடி, கடற்கரைச் சாலையில் ப்ரோமனாட் ஹோட்டலின் மாடி மூன்றும் எங்களுக்குப் பிடித்தவை. நிலா நாளாக இருந்தால் யோசிக்காமல் கடல் பார்த்த மாடிக்குப் போங்கள். வெள்ளை நகரத்தில் எல்லா உணவகத்திலும் மது கிடைக்காது. போன் செய்யும்போதே கேளுங்கள்.

என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது? அளவு தெரிந்தால் பயம் போய்விடும். ஒரு ஸ்மால் என்பது 30 மில்லி, லார்ஜ் என்பது 60. விஸ்கி, ரம், பிராந்தி பாட்டிலில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 150 மில்லி ஒயின் ஒரு கோப்பை ஒன்றரை ஸ்மாலுக்குச் சமம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நாலு ஸ்மாலுக்குச் சமம். பீர்தானே என்று அன்றைக்கு அவர் குடித்தது நாலு ஸ்மால் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணுக்கு ரத்தத்தில் கூடுதலாக ஏறும். துணைக்கு ஈடாகக் குடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. முதல்முறை என்றால் ஒரு கோப்பை வெள்ளை ஒயினோ, நிறைய சோடாவும் எலுமிச்சையும் சேர்த்த ஒரு ஸ்மால் ஜின்னோ போதும். சிவப்பு ஒயின் நம் ஊர்ச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், கொஞ்சம் குளிர்ச்சியாகக் கொடுங்கள் என்று கேட்கலாம், தப்பில்லை. பெயர்ப்பலகை பிரெஞ்சாக இருந்தாலும் கோப்பையில் வருவது பெரும்பாலும் மகாராஷ்டிராவின் நாசிக்கில் செய்த ஒயின். நன்றாகவே இருக்கும்.

இருவரில் ஒருவர் குடிக்காதவர் என்றால் அவருக்கும் அதே அக்கறையோடு ஏதாவது வரவழையுங்கள். இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த சோடா, நன்னாரி, எதுவானாலும் அழகான கோப்பையில். அவர் முன்னால் வெறும் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு மற்றவர் குடிப்பது ஜோடியாக வந்ததற்கே பொருத்தமில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற, தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது.

ஒரு கோப்பைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கூட ஒரு சின்னத் தட்டு. ஆரோவில்லில் செய்கிற சீஸ் கிடைத்தால் கேளுங்கள், இல்லை என்றால் வறுத்த கணவாய். இரண்டாவது கோப்பையை உடனே சொல்லாதீர்கள். எங்கள் வழக்கம், ஒருவர் "என்னங்க, நடக்கலாமா?" என்றால் மற்றவர் மறுபேச்சு பேசாமல் எழுந்துவிடுவது. பாதி நிரம்பிய கோப்பை மேஜையில் இருந்தாலும்.

எட்டரை: சாப்பாடு

புதுச்சேரிக்கு வந்து பீட்சா சாப்பிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இந்த ஊரில் மட்டுமே கிடைக்கிற ஒரு சமையல் இருக்கிறது. க்ரியோல் என்பார்கள். பிரெஞ்சு வீட்டுச் சமையல்கட்டில் தமிழ்ச் சமையல்காரர்களின் கை பட்டு, இருநூறு முந்நூறு வருஷத்தில் ஊறி வந்தது. காரம் குறைவு, தேங்காய்ப்பால் கூட, வாசனை மெல்லியது. இங்கே முதல்முறை வருகிறவர் இதைத்தான் கேட்க வேண்டும்.

அதன் உயிர் வடவம். நம் வீட்டு வடகம்தான். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் ஊறவைத்து, உருண்டை பிடித்துக் காயப்போடுவோம். சாயங்காலம் எடுத்து உதிர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டி, மறுநாள் மறுபடி வெயில். பத்து நாள் கழித்துக் கறுத்துக் காய்ந்த உருண்டையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் பசி எடுக்கும். என் மாமியார் மீன்குழம்பை இறக்கிவிட்டு, கடைசியில் இதைப் பொரித்துக் கொட்டி மூடிவைப்பார். இந்த வடவம்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் வதுவான் ஆகிக் கடல் கடந்து போனது. இன்றைக்குப் பாரிஸில் சமையல்காரர்கள் அந்தப் பெயரில் மசாலாவாகப் போடுகிறார்கள். வதுவான் இறால், வதுவான் கோழி என்று மெனுவில் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள். முதல் கவளத்தில் அம்மா வீட்டு வாசனை வரும், இரண்டாவதில் வெண்ணெய் வரும்.

மெனுவில் புய்யாபேஸ் என்று ஒரு மீன் சூப் இருக்கும். பிரான்சின் தென்கடற்கரை மீனவர்களின் குழம்பு அது. இங்கே மஞ்சளும் நம் ஊர் மீனும் சேர்ந்து வேறு ஒன்றாகிவிட்டது. நீள ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிடுங்கள். கையால்தான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புளிப்புமாக ஆசாத் கறி என்று ஒன்று உண்டு, சோற்றோடு வரும். பெருமாள் கோயில் வீதியில் இருக்கும் மேசோன் பெருமாள், இந்தத் தமிழ், பிரெஞ்சுக் கலப்பை நன்றாகச் செய்கிற இடம். பழைய செட்டியார் வீடு, தூண் வைத்த முற்றம். வெள்ளை நகரத்திலிருந்து வாய்க்காலைத் தாண்டி நடந்தால், பிரெஞ்சுத் தெரு முடிந்து திண்ணை வைத்த தமிழ்த் தெரு தொடங்குவதையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

சாயோ கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய அரிசித் தாளில் இறால், கொத்துக்கறி, கண்ணாடி சேமியா வைத்துச் சுருட்டிப் பொரித்தது. இது வியட்நாம் பண்டம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காரர்கள் பலர் சைகோனுக்குச் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் போனார்கள். அங்கே கல்யாணம் செய்து, குடும்பத்தோடு திரும்பியவர்கள் கொண்டுவந்த சமையல். கிறிஸ்துமஸுக்கு இன்றும் சில வீடுகளில் செய்கிறார்கள்.

எவ்வளவு சொல்வது? இருவருக்கு ஒரு தொடக்கம், ஒரு முக்கிய உணவு, ஒரு சூப். அதற்குப் பிறகும் பசித்தால் சொல்லலாம். எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் ஆளுக்கு ஒரு ருசிதான் தெரியும், பகிர்ந்தால் மூன்றும் தெரியும். இந்தச் சாப்பாட்டோடு இரண்டாவது கோப்பை, அதுவே கடைசிக் கோப்பை. சைவக்காரர் ஒருவர் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், காய்கறியில் நன்றாகவே செய்வார்கள்.

முழு மீனோ நண்டோ சொல்வதாக இருந்தால், எடை எவ்வளவு, மொத்த விலை எவ்வளவு என்று சமைப்பதற்கு முன் கேளுங்கள். ஒரு உணவகத்தில் நாங்கள் கேட்காமல் விட்டோம். மெனுவில் இருந்தது 100 கிராம் விலை, வந்தது ஒன்றேகால் கிலோ கொடுவா. அன்றைய பட்ஜெட்டில் பாதி அந்த ஒரே தட்டில் போனது. பில் வந்ததும் ஒருமுறை படியுங்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, புதுச்சேரி அரசின் வரி தனி. சாப்பாட்டுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. சேவைக் கட்டணம் கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லலாம். நாங்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்போம்.

பத்து மணிக்கு மேல்

இனிப்பை அதே இடத்தில் சொல்லாதீர்கள். எழுந்து கடற்கரைக்கே திரும்புங்கள். அங்கே ஜி.எம்.டி. என்கிற இத்தாலிய ஐஸ்கிரீம் கடை உண்டு. ஒரு கப், இரண்டு கரண்டி. அப்புறம் பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் லெ கஃபேயில், கடலுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒரு காபி. காபி போதையை இறக்காது, அந்த நம்பிக்கையில் குடிக்க வேண்டாம். காற்றுக்காகவும் பேச்சுக்காகவும் குடியுங்கள். நாங்கள் வருஷம் முழுக்கப் பேசாமல் தள்ளிப்போட்ட விஷயங்கள், அவர் வேலை மாறுவதா, பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, எல்லாம் அந்த நாற்காலிகளில்தான் முடிவானது.

அறை தூரம் என்றால் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிவிடுங்கள். படுக்கும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். தலைவலி வரும் என்று முன்கூட்டியே பாரசிட்டமால் போடாதீர்கள். குடித்த வயிற்றில் அது கல்லீரலுக்குக் கெடுதல்.

மறுநாள் காலை

அளவோடு இருந்திருந்தால் ஐந்தரைக்கு விழிப்பு வரும். வண்டி இல்லாத அதே சாலையில் இப்போது சூரியன் கடலிலிருந்து எழும். இளநீர் குடியுங்கள், பிறகு இட்லி. நேற்று விட்டுவைத்த எக்லேருக்கும் இதுதான் நேரம்.

ஊர் திரும்பும்போது, விலை குறைவாக இருக்கிறதே என்று பாட்டில் வாங்கிப் பையில் போடாதீர்கள். கடலூர்ப் பக்கம் ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி இருக்கிறது, மற்ற வழிகளிலும் உண்டு. புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் பறிமுதல், வழக்கு. அதற்குப் பதில் பேக்கரியில் காலையில் சுட்ட நீள ரொட்டி இரண்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மதியத்துக்குள் மொறுமொறுப்பு போய்விடும். கவலை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான தோசைக்கல்லில் வைத்து, ஒரு மூடி போட்டு இரண்டு நிமிடம், பிறகு மூடியை எடுத்து இன்னும் ஒரு நிமிடம். ராத்திரி மீன்குழம்புக்குத் தொட்டுக்கொள்ளலாம்.